எண்டர் தட்டினால் போதும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. பின்னால் ஒதுங்கி நிற்கிறவர்களும் முன்னால் வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொண்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கதை சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள், எனக்கும் அது கொஞ்சம் தெரியும். இருபத்துநாலு வரி, வரிக்கு எண்பது எழுத்துக்கு இடம், கறுப்புத் தரையில் பச்சை எழுத்து. இந்தக் கதை நடக்கிற இடமே அவ்வளவுதான். அந்த இடத்துக்குள் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எண். அந்த எண் என்ன காரியம் செய்தது, அதை ஒருத்தி என்ன செய்தாள் என்பதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாது.

கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் பக்கம் போகிற சாலையில் ஒரு நூல் மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ கொடுக்கிற நேரம். கம்ப்யூட்டர் அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு செவந்தி உள்ளே வந்தாள். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். நூலை முறுக்கிச் சுற்றுகிற ரிங் பிரேம் எந்திரம் ஓட்டுகிறவள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வலது கையில் முழங்கை வரை கட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுபோய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இடது கையில் ஒரு தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்ததால், ஏசி குளிரில் சில்லிட்ட தரையில் கால்விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானே கலைமதியக்கா? இதுல என்னையப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

கலைமதி தாளை வாங்கப் போனாள்.

"இதை நானே படிச்சுட்டேன். பத்தாவது பாஸ்தான். அதுல இருக்குறதைப் படிங்க" என்று செவந்தி மேசைமேல் இருந்த திரையை மோவாயால் காட்டினாள்.

தாள் மில்லின் மெமோ. தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதையால் விபத்து நேர்ந்தது என்று கம்ப்யூட்டர் பதிவு காட்டுவதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இருந்தது. ஒப்புக்கொண்டால் கூட்டிப் பெருக்குகிற பிரிவுக்கு மாற்றம். மறுத்தால் ஒன்றாம் தேதியிலிருந்து வேலை கிடையாது.

"கியர் மூடி ரெண்டு வாரமா கயித்துலதான் கட்டிக் கெடந்துச்சு. நான் மூணு தடவை சொன்னேன். இப்ப என்னமோ கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு எழுதியிருக்காங்க. நான் கம்ப்யூட்டர்கிட்ட பேசவே இல்லியேக்கா. அதுக்கு யாரு சொன்னது?"

கலைமதிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வயதில் அந்த மில்லுக்கு டைப் அடிக்க வந்தவள். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற ராட்சதப் பெட்டியும் இல்லாமல், கடையில் பில் போடுகிற சின்னப் பெட்டியும் இல்லாமல், மில், குடோன் மாதிரி நடுத்தரத் தொழிலுக்கென்று செய்த கம்ப்யூட்டர் அது. அதில் கணக்கிடுகிற புரோகிராம் தனி, ஆட்கள் கண்ணால் பார்க்கிற திரை தனி. எந்த வரியில் எந்த எழுத்து, எது பளிச்சென்று, எது மங்கலாக, எங்கே டைப் அடிக்கலாம், எங்கே பார்க்க மட்டும் செய்யலாம் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். வரைந்துகொண்டிருந்த ஆள் சென்னைக்குப் போனபோது தடிப் புத்தகம் ஒன்றை மேசையில் விட்டுப் போனார். அதைப் படித்துப் படித்துக் கலைமதி தானே கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால்தான் வரைவாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஓர் இடம் காலியாக விட வேண்டும். பளிச்சா மங்கலா என்று சொல்கிற குறி அதில் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை மறந்துவிட்டு இரண்டு கட்டத்தை ஒட்டிப் போட்டால் வேலைக்கு ஆகாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற அந்தத் தப்பைக் கலைமதி ஒருநாளும் செய்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவள் செய்தது வேறு தப்பு.

விபத்துப் பதிவுத் திரையைத் திறந்தாள். மேலே இரண்டு வரிக்கு நட்சத்திரக் கோலம், நடுவில் மில்லின் பெயர். அதற்குக் கீழே தொழிலாளியின் எண், பெயர், ஷிப்ட், எந்திரம், அடிபட்ட இடம். ஒன்பதாவது வரியில் காரணம். அதன் எதிரே 1 என்று இருந்தது. ஒன்று என்றால் அஜாக்கிரதை. கலைமதி முந்தைய பதிவைத் திறந்தாள். ஒன்று. அதற்கும் முந்தையது, ஒன்று. பட்டியலாக எடுத்தாள். நான்கு வருடத்தில் நாற்பத்தேழு பேர். நாற்பத்தேழு ஒன்றும் வரிசையாக, வேலிக்கு ஊன்றிய கம்பு மாதிரி மேலிருந்து கீழே நின்றன. கை நசுங்கியவர், கண்ணில் துண்டு தெறித்தவர், முடி சிக்கியவர், வழுக்கி விழுந்தவர், மேலேயிருந்து குழாய் விழுந்து தோள் இறங்கியவர் என்று அத்தனை பேரும் அஜாக்கிரதை.

"என்னக்கா, என்னைய மட்டுமா போட்டிருக்கு?" என்றாள் செவந்தி.

"இல்ல செவந்தி. எல்லாரையும்" என்றாள் கலைமதி.

மில்லின் முதலுதவி அறையில் பதிவு அடிக்கிறவர் சொர்ணவல்லி அம்மா. டிஞ்சர் பாட்டிலுக்கும் பஞ்சு டப்பாவுக்கும் நடுவில் அவருடைய கம்ப்யூட்டர். கலைமதி நேரே அங்கே போய், காரணத்துக்கு ஏன் எப்போதும் ஒன்று போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"நான் எங்கத்தா போட்டேன்? தொறக்கும்போதே அது உள்ள உக்காந்திருக்கும். நான் பேரை அடிச்சு எண்டர் தட்டுவேன்."

"அதை மாத்தலாம்ல?"

சொர்ணவல்லி அம்மா அவளை விநோதமாகப் பார்த்தார். "கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுப் போடுதுன்னுல்ல நெனச்சேன். அது போட்டதை நான் மாத்துனா மெஷின் கெட்டுப்போயிருச்சுன்னு நாளைக்கி நீயே வந்து சத்தம் போடுவ. நீதானே சொல்லிக்குடுத்த, பேரை அடிங்க, எண்டர் தட்டினாப் போதும்னு?"

சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நான்கு வருடத்துக்கு முன் அந்தத் திரையை வரைந்தபோது, மேனேஜர் காரணங்களை வாயால் அடுக்க அடுக்க அவர் சொன்ன வரிசையிலேயே எண் கொடுத்தாள். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அஜாக்கிரதை. அடிபட்ட ஆளை வைத்துக்கொண்டு டைப் அடிக்கிற அம்மாவுக்குக் கை வலிக்கக் கூடாது, ஒரு தட்டு மிச்சமாகட்டும் என்று அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே ஒன்றை நிரப்பி வைத்தது கலைமதி. யாரும் கேட்காமலே செய்தாள். அரை நிமிடத்தில் பதிவு முடிகிறது என்று அந்த வருட ஆயுத பூஜைக்கு மேடையில் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கு கொடுத்தார்கள். அது வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது.

பாருங்கள் கண்ணுகளா, கெட்டது செய்ய நினைத்துச் செய்தால் ராத்திரி தூக்கம் வராமலாவது இருக்கும். நல்லது என்று நினைத்துச் செய்ததால் அவள் நான்கு வருடமும் நன்றாகத் தூங்கியிருந்தாள்.

அன்றைக்கு டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கலைமதி கட்டத் தாளை விரித்தாள். காரணத்தின் எதிரே இருந்த ஒன்றை எடுத்தாள். அதை வெறும் கட்டமாக்கி, எதையாவது அடித்தால்தான் அடுத்த வரிக்குப் போகும், எண்டரை எத்தனை தடவை தட்டினாலும் நகராது என்று ஆக்கினாள். ஐந்து காரணம் இருந்த இடத்தில் ஆறாவதாக எந்திரக் கோளாறு என்று சேர்த்தாள். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடிபட்டவர் என்ன சொல்கிறார் என்று எழுத அந்தத் திரையில் ஓர் இடம்கூட இல்லை. இருபத்துநாலு வரியும் நிரம்பியிருந்தது. கீழேயிருந்து ஒவ்வொரு வரியாகப் பென்சில் முனையால் தொட்டுக்கொண்டே மேலே வந்தாள். எந்திரத்தின் எண் வேண்டும். ஷிப்ட் வேண்டும். டாக்டர் பார்த்த நேரம் வேண்டும். மேலே போகப் போக, முதல் இரண்டு வரியில் வந்து பென்சில் நின்றது. நட்சத்திரக் கோலம். நடுவில் மில்லின் பெயர்.

இரண்டு வரியையும் குறுக்கே அடித்தாள். அந்த இடத்தில் 'பாதிக்கப்பட்டவர் சொல்வது' என்று சின்னதாக எழுதி, மிச்சத்தைத் திறந்து விட்டாள். பழைய பதிவுகளிலும் அந்த இடம் மட்டும் திறக்கும்படி வைத்தாள். பழைய ஒன்றுகளை அழிக்கவில்லை. நடந்தது நடந்ததுதான், அதுவும் சாட்சியாகக் கிடக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு திரையை யாராவது திறந்து வைத்திருக்கும்போது அதை மாற்ற முடியாது. சொர்ணவல்லி அம்மா சாப்பாட்டுக்குப் போய் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் கலைமதி மாற்றி முடித்தாள்.

மறுநாள் காலை மேனேஜர் ஆவுடையப்பன் கூப்பிட்டனுப்பினார். கலைமதி மாடிக்குப் போனாள்.

"ஏம்மா கலைமதி, கம்பெனி பேரு எங்க போச்சு?"

"எடம் பத்தலைங்க சார். நம்ம ஆளுங்களுக்கு எந்தக் கம்பெனியில வேலை பாக்குறோம்னு தெரியுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "காரணத்துல ஒண்ணும் இல்லாம வெறுமனே நிக்குதாம். என்ன போடுறதுன்னு தெரியலன்னு சொர்ணவல்லி அம்மா எனக்குப் போன் பண்ணுது."

"அடிபட்டவங்களைக் கேக்கட்டும்னுதான் சார் வெறுமனே நிக்குது."

"யாரு சொல்லி மாத்துன?"

"யாரும் சொல்லலைங்க. முன்னாடி தப்பாப் போட்டது நான். அதான் நானே எடுத்தேன்."

கெட்ட மனிதர் இல்லை ஆவுடையப்பன். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் பந்திக்கு முன்னால் வந்து நிற்கிறவர். ஆனால் நாற்பத்தேழு பேருக்கு ஆறாவது காரணம் என்றால் மேலே இருக்கிறவர்கள் யாரைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"சரிம்மா. ஆர்வத்துல பண்ணிட்ட. மத்தியானத்துக்குள்ள பழையபடி ஆக்கிரு."

"ஆக்குறேன் சார்."

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பைலைத் திறந்தார். கலைமதி போகவில்லை.

"தலைப்புல மட்டும் எழுதணும் சார்."

"என்னத்த?"

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. திரையின் வரைவில் எதை மாற்றினாலும் மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன தேதி, என்ன மாற்றம், யார் மாற்றியது, யார் சொல்லி மாற்றியது. திரையைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. வரைவைத் திறக்கிறவர்களுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட அந்தக் குறிப்பில்லாமல் கலைமதி மாற்றியதில்லை.

"'காரணம் கேட்காமலே அஜாக்கிரதை என்று முன்கூட்டி நிரப்பப்பட்டது. சொன்னவர் ஆவுடையப்பன்.' அம்புட்டுத்தாங்க. ஒரு வரி."

"எம்பேரு எதுக்கும்மா அதுல?"

"போன தடவை எம்பேரை எழுதியிருக்கேன் சார். இந்தத் தடவை நீங்கதானே சொல்றீங்க?"

"அந்த வரி இல்லாம மாத்து."

"மாட்டேன் சார்."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார், அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். மின்விசிறியில் பைல் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"ஒன்னைய விட்டா ஆளே இல்லைன்னு நெனப்பா? திருச்சியில தமிழ்செல்வன்னு ஒருத்தர் இருக்காரு. ஒரு போன் போட்டா வந்து அரை மணி நேரத்துல பண்ணிட்டுப் போயிருவாரு."

"தாராளமாக் கூப்பிடுங்க சார். வரைவு பெட்டிக்குள்ளதான் இருக்கு, நான் பூட்டி வைக்கலை. அவரு பேரையோ ஒங்க பேரையோ, ஏதோ ஒண்ணை எழுதச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை அந்தப் புள்ள விஷயம் முடியட்டும். ஒன்னையும் அன்னைக்கே சேத்துப் பாத்துக்குறேன்" என்றார் ஆவுடையப்பன்.

படியிறங்கும்போது வீட்டுக் கணக்கு மனதில் ஓடியது. மகள் ஹரிணி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. கணவர் போன பிறகு இந்த ஒரு சம்பளம்தான். கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, ஒரு செம்பு தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தாள். பிறகு பழைய வரைவை எடுத்தாள். காரணக் கட்டத்தில் ஒன்றை நிரப்பி வைத்த அந்தப் பக்கம். அதன் தலைப்பில் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதியோடு, 'வேலை சுருங்க, யாரும் கேட்காமல், கலைமதி' என்று அவளே எழுதிய குறிப்பு இருந்தது. அதை அச்சடித்தாள். அடியில் அன்றைய தேதி போட்டு, இந்த ஒன்று விபத்தைப் பார்த்து யாரும் போட்டதல்ல, நான் முன்பே நிரப்பி வைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாசலில் காத்திருந்த செவந்தியிடம் கொடுத்தாள்.

செவந்தி இரண்டு தடவை படித்தாள். "இதைக் குடுத்தா ஒங்களுக்குத்தானேக்கா கெடுதல்?"

"ஒன் விரலை விடவா?"

"விரலை இழுக்காதீங்க. ஒங்க வேலையைக் கேக்குறேன்."

"என் வேலைதான் செவந்தி இது" என்றாள் கலைமதி.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷிப்ட் மாறுகிற இரண்டு மணி. அதுவரை திருச்சியிலிருந்து யாரும் வரவில்லை, திரை கலைமதி மாற்றியபடியேதான் இருந்தது. செவந்தி மெமோவில் கையெழுத்துப் போடவில்லை. இடது கையால் கோணல்மாணலாக எழுதிய பதிலோடு கலைமதியின் தாளைக் குண்டூசியில் குத்தி, மாடியில் கொடுத்துவிட்டு நேரே முதலுதவி அறைக்கு வந்தாள். சொர்ணவல்லி அம்மா அவளுடைய பதிவைத் திறந்து வைத்திருந்தார். கலைமதி சுவரோரமாக நின்றாள்.

"சுருக்கமாச் சொல்லு. எடம் ரெண்டு வரிதான். தமிழ் எழுத்து இதுல வராது, இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிக்கிறேன்."

"கியர் மூடி பதினாலு நாளு கயித்துல கட்டியிருந்துச்சு. மூணு தடவை சொன்னேன்."

சொர்ணவல்லி அம்மா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். முடித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு வரி எடம் கெடக்கு."

"சொன்னப்ப, மேல சொல்லியாச்சு, சாமான் வரலைன்னு பிட்டர் சொன்னாருன்னு போடுங்க."

"பேரு?"

செவந்தி யோசித்தாள். கலைமதியைப் பார்த்தாள். "பேரு வேணாம். பிட்டர்னு மட்டும் போடுங்க. அவரும் புள்ளகுட்டிக்காரரு."

ஷிப்ட் முடிந்து வெளியே போகிற ஆட்கள் அந்த அறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. அங்கே கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் ஐயனார் நின்றது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"பேரைப் போடுங்கம்மா" என்றார். "எட்டு எழுத்துக்கு மேல வராது. ஐயனாருன்னு போடுங்க. ரெண்டு தடவை மேல எழுதிக் குடுத்தேன். அதுக்கும் எடமிருந்தாப் போடுங்க."

"எடமில்லப்பா."

"அப்ப பேரு மட்டும் இருக்கட்டும்."

அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்விட்டார். செவந்தி முந்தானையைக் கட்டுப் போட்ட கையால் எடுக்கப் பார்த்து, முடியாமல், இடது கையால் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே கூட்டம் நகராமல் நின்றது. என்ன, என்ன என்று பின்னால் இருந்தவர்கள் கேட்க, முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். நமக்கெதுக்கு வம்பு என்று தலைகுனிந்து பஸ்ஸுக்குப் போனவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாடிப்படியின் பாதியில் ஆவுடையப்பன் நின்றார். கையில் குண்டூசி குத்திய தாள்கள். இறங்குவதா ஏறுவதா என்று தெரியாதவர் மாதிரிக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கலைமதி அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு பேருமே பார்வையை எடுக்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தாள். ராக்காயி, பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலேயிருந்து குழாய் விழுந்து தோள் இறங்கியவள். இன்னமும் அந்தத் தோள் ஒரு பக்கம் தாழ்ந்துதான் இருக்கும்.

"ஏங்கம்மா, எனக்கும் அதுல ரெண்டு வரி இருக்குதாமே?"

சொர்ணவல்லி அம்மா கலைமதியைத் திரும்பிப் பார்த்தார். கலைமதி தலையசைத்தாள். பட்டியலில் ராக்காயியின் பெயர் வந்தது, பதிவு திறந்தது. ஒன்பதாவது வரியில் பழைய ஒன்று அப்படியே இருந்தது. மேலே இரண்டு வரி, ஓர் எழுத்தும் இல்லாமல் கறுப்பாக. அதன் ஓரத்தில் கர்சர் பச்சையாக விட்டு விட்டு மின்னியது.

ராக்காயி பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். வலது கையை மேசைமேல் எடுத்து வைத்து, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பேசாமல் நின்றார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் போன கையோடும் காலோடும் திரும்பி வரட்டும். வந்ததும் அவர்கள் சொல்வதைக் கேட்க வீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் வாசல் நிறைய செருப்பு கிடக்கட்டும், நன்றாயிருங்கள்.